நிண்டு எடுத்த படம்

கச்சான் பிடுங்கிவிட்டு அம்மா நிமிர்கிற விதத்தை நான் வருசக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். முதலில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றுவா. பிறகு கைகள் தொடைக்கு ஏறும். பிறகு இடுப்புக்கு வரும். பாதி வழியில் ஓரிடத்தில் சட்டென்று நிற்பா. பல்லைக் கடித்து, மூச்சை வெளியே விட்டு, அதற்குப் பிறகுதான் மிச்சம் நிமிருவா. "வயசு போகுதல்லோ பிள்ளை" என்பா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கழுத்து முள்ளென்பு 7, நெஞ்சறை முள்ளென்பு 12, நாரி முள்ளென்பு 5, அதற்குக் கீழே திருவென்பு என்று வருசா வருசம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள். அந்த ஐந்தில் நாலாவது, என் அம்மாவின் உடம்பில், அவ குனிகிற ஒவ்வொரு முறையும் முன்னுக்கு வழுக்கிக்கொண்டிருந்தது. அதை நான் அறிந்துகொள்ள 11 வருசம் எடுத்தது. நாரி நோவோடு தாயையோ தகப்பனையோ மாமியையோ எக்ஸ்றேக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிற எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

வெள்ளைப் புள்ளி

2009 இல், போரில், அம்மாவுக்கு இடுப்பின் பின்பக்கத்தில் ஒரு செல்துண்டு பட்டது. அந்த நாட்களின் கணக்கில் அது சின்னக் காயம். கட்டுப்போட்டுக்கொண்டு நடந்தா. காயம் ஆறியது, துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. செட்டிகுளம் முகாம் வாழ்க்கை முடிந்து, முள்ளியவளைக்குத் திரும்பி, பற்றையாய்க் கிடந்த காணியைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, திரும்பவும் கச்சானும் நெல்லும் போடத் தொடங்கிய பிறகு, 2012 இல் நாரி நோ வந்தது.

அப்போது ஓரிடத்தில் எக்ஸ்றே எடுத்தோம். மேசையில் படுக்கவைத்து நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. படத்தை வெளிச்சத்தில் பிடித்த உடனே எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்துக்குத்தான் போனது. எலும்புகளின் சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில், பச்சரிசி மணி அளவில், பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. "பீஸ் இருக்குது. அதாலதான் நோகுது. கிண்டி எடுக்க வெளிக்கிட்டால் வேற பிரச்சினை வரும், கிடக்கட்டும்" என்றார்கள். கிடக்கட்டும் என்றது சரியான ஆலோசனைதான். உயிருக்கோ நரம்புக்கோ இடைஞ்சல் தராத துண்டைத் தேடி வெட்டுவது பல நேரம் துண்டைவிடக் கூடிய சேதத்தைச் செய்யும். ஆனால் "அதாலதான்" என்ற சொல் எங்கள் வீட்டில் 11 வருசம் குடியிருந்தது.

வன்னியில் இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. "எனக்குள்ள பீஸ் இருக்கு" என்று சொல்லும் மனிசர் எங்கள் ஒழுங்கையிலேயே நாலைந்து பேர். உடம்பில் எங்கே நொந்தாலும், குளிருக்கு உளைந்தாலும், கால் விறைத்தாலும் பழி துண்டுக்குத்தான். அதில் அர்த்தமும் இருக்கிறது. நடந்ததற்கு உடம்புக்குள் கிடக்கும் ஒரே சாட்சி அது. ஆனால் சாட்சியாக இருப்பதும் நோவுக்குக் காரணமாக இருப்பதும் வேறு வேறு.

எக்ஸ்றே கதிர் தசையை இலகுவாகக் கடந்துவிடும். எலும்பு ஓரளவு மறிக்கும். உலோகம் கிட்டத்தட்ட முழுவதையும் மறித்துவிடும். அதனால்தான் படத்தில் உலோகம் எல்லாவற்றையும் மீறித் தெரிகிறது. வில்ஹெல்ம் றொஞ்சன் 1895 நவம்பர் 8 ஆம் திகதி இந்தக் கதிரைக் கண்டுபிடித்து, அடுத்த மாதம் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் கண் முதலில் போவது விரலில் கிடக்கும் மோதிரத்துக்கு. அம்மாவின் படத்திலும் அதுதான் நடந்தது. நாங்கள் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், கையைப் பார்க்கவில்லை.

"நிக்க வைச்சு எடுத்தவையளோ?"

2023 இல் அம்மா வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு நடந்து போக முடியாமல் திரும்பி வந்தா. வைகாசி விசாகத்துக்கு அம்மாளாச்சியிடம் நடந்து போவது அவவுக்கு விட்டுக்கொடுக்க முடியாத நேர்த்தி. அந்த முறை கொஞ்சத் தூரத்திலேயே இரண்டு காலும் கனத்து, கெண்டைக்கால் இழுத்து, தெருவோர மதகில் குந்தினா. ஐந்து நிமிசம் குந்தியிருக்கச் சுகமானது. எழும்பி நடக்கத் திரும்பவும் அதே இழுவை.

அதற்குப் பிறகு நான் கவனித்த இன்னொன்று: சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் அம்மா சந்தைவரை நடப்பா. வெறுங்கையோடு என்றால் படலையிலிருந்து சந்திவரை போகமாட்டா. "ஹாண்டிலைப் பிடிச்சுச் சரிஞ்சு நடந்தா ஒண்டும் செய்யாது. கையை விட்டா ஏலாது" என்றா.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது பிசியோதெரபி செய்கிறா. ஒரு நாள் வீட்டுக்கு வந்தவவிடம் இதைச் சொன்னேன். நிமிரும்போது கை தொடையில் ஏறுவதையும், பாதி வழியில் தரிப்பதையும் சொன்னேன். பழைய படத்தை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெள்ளைப் புள்ளியை அவ ஒரு நொடிதான் பார்த்தா. பிறகு கேட்டா:

"ரீச்சர், அம்மாவை நிக்க வைச்சுப் படம் எடுத்தவையளோ?"

"இல்லை. மேசையில படுக்க வைச்சுத்தான்."

"படுத்தா நோகுதோ அம்மா?"

"படுத்தா ஒண்டும் இல்லைப் பிள்ளை. படுத்தா சொர்க்கம்."

"அப்ப நோகாத நேரத்திலதான் ரீச்சர் படம் எடுத்திருக்கு."

அந்த ஒரு வசனம் என்னை உலுக்கிவிட்டது. நடந்தால் வரும் நோவை, நடக்காமல் படுத்திருக்கும்போது தேடியிருக்கிறோம்.

நிலையில்லாத நாரி என்றால் என்ன?

முள்ளந்தண்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டைக்கு நடுவில் மெத்தைபோல ஒரு டிஸ்க். பின்னால் இரண்டு பக்கமும் சின்ன மூட்டுகள், கொக்கிபோல மேல் எலும்பைக் கீழ் எலும்பில் மாட்டி வைத்திருக்கும். சுற்றிவரக் கட்டுகின்ற நார்கள். அதற்கு வெளியே தசைகள். வயது போக டிஸ்க் வற்றி உயரம் குறைகிறது. மூட்டு தேய்கிறது. நார் தளர்கிறது. அப்போது மேல் கட்டை கீழ்க் கட்டையின்மேல் முன்னுக்குச் சறுக்கத் தொடங்கும். தேய்வால் வரும் இந்தச் சறுக்கல் பெரும்பாலும் நாரியின் நாலாவது முள்ளென்புக்கும் ஐந்தாவதற்கும் இடையில் வருகிறது. ஐம்பது வயதுக்கு மேல், ஆண்களைவிடப் பெண்களில் பல மடங்கு அதிகம்.

இன்னொரு வகையும் உண்டு. முள்ளென்பின் பின்பகுதியில் ஒரு மெல்லிய பாலம் இருக்கிறது. அது சின்ன வயதிலேயே வெடித்து, ஐந்தாவது முள்ளென்பு திருவென்பின் மேல் சறுக்குவது அந்த வகை. வேகப்பந்து போடும் பொடியன்களில் இந்த வெடிப்பைக் காண்பார்கள்.

இந்தச் சறுக்கல் மருத்துவருக்குப் புதிதில்லை. 1782 இலேயே பெல்ஜியத்தைச் சேர்ந்த பிரசவ மருத்துவர் ஹெர்பினியோ, திருவென்புக்கு முன்னால் துருத்திய எலும்பு பிள்ளைப்பேற்றை மறிப்பதை எழுதி வைத்தார். எவ்வளவு சறுக்கியிருக்கிறது என்பதை நாலு படிகளாகப் பிரித்தவர் மேயர்டிங், 1932 இல். கீழ் எலும்பின் அகலத்தில் கால் பங்குக்குள் சறுக்கினால் முதலாம் படி, அரைப் பங்குவரை இரண்டாம் படி, இப்படி. இன்றும் அறிக்கையில் எழுதுவது அந்தப் படியைத்தான்.

ஆனால் படி என்பது ஒரு நிலையைச் சொல்வது. சறுக்கிய எலும்பு அப்படியே இறுகி, அசையாமல் இருக்கவும் கூடும். நிலையில்லாத நாரி என்பது அசைவைப் பற்றியது: குனியும்போது எங்கே போகிறது, நிமிரும்போது எங்கே வருகிறது, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு. ஓடும் தண்ணீரை ஒரு படத்தில் பிடிக்க முடியாது. அதற்காகத்தான் சுவீடன் நாட்டு மருத்துவர் ஃபோல்க்கே குனுட்சன் 1944 இல் முன்னுக்குக் குனிந்த நிலையிலும் பின்னுக்கு வளைந்த நிலையிலும் நாரியைப் படம் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை எழுதினார். எண்பது வருசம் பழைய முறை. விசேட மெசின் எதுவும் தேவையில்லை. சாதாரண எக்ஸ்றே அறையில், எழுதிக் கேட்டால் எடுக்கக்கூடியது.

அந்த அறையில் நடந்தது

கிளினிக்கில் முறைப்படி காட்டினோம். மருத்துவர் அம்மாவை நடக்கவிட்டு, குனியவிட்டு, கால் விரல்களின் பலத்தைப் பார்த்து, ஊசியால் உணர்ச்சி பார்த்து, அதற்குப் பிறகுதான் படத்துக்கு எழுதினார். நின்றபடி நேராக ஒன்று, நின்றபடி பக்கவாட்டில் ஒன்று, குனிந்து ஒன்று, பின்னுக்கு வளைந்து ஒன்று.

எக்ஸ்றே எடுத்த தம்பி பொறுமையானவர். அம்மாவைப் பலகைக்குப் பக்கமாக நிற்கவைத்து, தோளை நேராக்கி, "அம்மா, இடுப்பை ஆட்டாமல் நாரியில இருந்து குனியுங்கோ. ஏலுமானவரைக்கும் குனியுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன், விழ விடமாட்டன்" என்றார். அம்மா பயத்தில் கொஞ்சம்தான் குனிந்தா. அவர் படம் எடுக்கவில்லை. "கச்சான் பிடுங்கிறமாதிரிக் குனியுங்கோ" என்றார். அப்போதுதான் அம்மா முழுதாகக் குனிந்தா. "மூச்சைப் பிடியுங்கோ, ஆடாதேங்கோ. சரி, விடுங்கோ." பிறகு கைப்பிடியைப் பிடிக்கக் கொடுத்து, பின்னுக்கு வளையச் சொன்னார்.

ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்று பிறகு விளங்கியது. நோவுக்குப் பயந்து தசை இறுகி, ஆள் சும்மா தலையை மட்டும் ஆட்டினால், நாரி அசையவே அசையாது. அசையாத நாரியில் சறுக்கலும் தெரியாது. "ஒன்றும் இல்லை" என்று அறிக்கை வரும். நோ உச்சத்தில் இருக்கிற நாளில் இந்தப் படம் எடுத்துப் பலனில்லை என்று சொல்வதும் அதனால்தான். எவ்வளவு குனிந்தார் என்பது தெரியாமல் குனிந்த படத்தை வாசிக்க முடியாது.

படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவர் காட்டினார். ஒவ்வொரு முள்ளென்பின் பின்விளிம்பிலும் ஒரு கோடு. நல்ல முள்ளந்தண்டில் அந்தக் கோடுகள் சேர்ந்து ஒரு வளைவாகப் போகும். அம்மாவின் 2012 படத்தில் வளைவு கிட்டத்தட்ட ஒழுங்காகத்தான் இருந்தது. புதிய படத்தில், பின்னுக்கு வளைந்தபோது நாலாவது முள்ளென்பு 3 மில்லிமீற்றர் முன்னுக்கு நின்றது. குனிந்தபோது 8 மில்லிமீற்றர். ஐந்து மில்லிமீற்றர், ஒரு பருப்பு மணியின் அகலம். என் அம்மா நிமிரும்போது பல்லைக் கடித்த இடம் அதுதான்.

வெள்ளைப் புள்ளி நாலு படத்திலும் இருந்தது. எலும்புக்கு எட்டத்தில், தசைக்குள், தன் பாட்டில்.

சைக்கிள் ஹாண்டிலின் கதையும் அன்றைக்குத்தான் விளங்கியது. முள்ளந்தண்டு வடம் நாரியின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் ஒரு கற்றையாக, எலும்புக் குழாய்க்குள்ளால் இறங்குகின்றன. எலும்பு சறுக்கினால் குழாய் ஒடுங்கும். நிமிர்ந்து நடக்க இன்னும் ஒடுங்கும். முன்னுக்குச் சரிந்தால் கொஞ்சம் விரியும். ஹாண்டிலில் ஊன்றும்போது உடம்புப் பாரத்தில் ஒரு பங்கைக் கை சுமக்கிறது, குழாயும் விரிகிறது. வைத்தியர் எவரும் சொல்லாமலே அம்மா தனக்கான மருந்தைச் சைக்கிளில் கண்டுபிடித்து வைத்திருந்தா.

எண்களை எவ்வளவு நம்பலாம்?

ஐந்து மில்லிமீற்றர் என்பது பெரிதா? ஒகஸ்டஸ் வைற், மனோகர் பஞ்சாபி என்ற இருவர் இந்தத் துறையின் அடிப்படைக் கணக்குகளை எழுதினார்கள். குனிவதற்கும் வளைவதற்கும் இடையில் 4.5 மில்லிமீற்றருக்கு மேல், அல்லது எலும்பு அகலத்தில் 15 வீதத்துக்கு மேல் சறுக்கினால் அது கணக்கில் எடுக்கவேண்டியது என்பது அவர்கள் கோடு. சறுக்கலோடு கோணத்தையும் பார்ப்பார்கள். நாரியின் மேல் மூன்று இடைவெளிகளில் 15 பாகை, நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் 20 பாகை, அதற்குக் கீழே 25 பாகை. அன்றாட நடைமுறையில் 3 அல்லது 4 மில்லிமீற்றர், 10 பாகை என்று இன்னும் கீழே கோடு போடுகிறவர்களும் உண்டு.

இந்தக் கோடுகளைப் பரீட்சைப் புள்ளிபோல எடுத்துவிடக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எக்ஸ்றே கதிர் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருவதால், படத்தில் எலும்பு உண்மை அளவைவிடப் பெரிதாக விழும். ஆள் கொஞ்சம் திரும்பி நின்றால் விளிம்பு இரண்டாகத் தெரியும். அதே படத்தை இரண்டு பேர் அளந்தால் ஓரிரு மில்லிமீற்றர் மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நோவும் இல்லாத மனிசரைப் படம் எடுத்தாலும் சிலருக்கு மூன்று நாலு மில்லிமீற்றர் அசைவு இருக்கும். ஆகவே எண் தனியே நோயைச் சொல்லாது. எண்ணும், நிமிரும்போது வரும் தரிப்பும், கால் இழுவையும், மருத்துவரின் கையும் ஒன்றையே சொன்னால்தான் அது நோய்.

"தேய்மானம்" என்ற சொல்லுக்கும் இதே எச்சரிக்கை. அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டு ஆடிப்போன பலரைத் தெரியும். "முள்ளந்தண்டு தேஞ்சிட்டுதாம்" என்று கேள்விப்பட்டவுடன் வயலுக்குப் போவதையே நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். நோவே இல்லாதவர்களை ஸ்கான் செய்த ஆய்வுகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2015 இல் ஒரு கட்டுரை வந்தது. அதில், 20 வயதுக்காரரில் 37 வீதமானவர்களுக்கும் 80 வயதுக்காரரில் 96 வீதமானவர்களுக்கும் டிஸ்க் தேய்வு இருந்தது. நோவில்லாத மனிசர்! தலை நரைப்பதுபோல முள்ளந்தண்டும் நரைக்கிறது. அதைக் கண்டு பயந்து படுக்கத் தேவையில்லை.

பீஸும் எம்.ஆர்.ஐ.யும்

எங்கள் மண்ணில் எக்ஸ்றேக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நரம்பு எவ்வளவு நெருக்குப்படுகிறது என்பதை எக்ஸ்றே காட்டாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். எம்.ஆர்.ஐ. என்பது மிகப் பலமான காந்தம். உடம்பில் இரும்புத்துண்டு இருந்தால் அது அசையவோ சூடாகவோ கூடும். கண்ணிலோ, முள்ளந்தண்டு வடத்துக்குப் பக்கத்திலோ, பெரிய இரத்தக்குழாயோடு ஒட்டியோ கிடந்தால் அது ஆபத்து. அதனால் வன்னியில் இருந்து எம்.ஆர்.ஐ.க்குப் போகிற எவரும் "எனக்குப் பீஸ் பட்டது" என்பதை, 15 வருசம் கடந்திருந்தாலும், தழும்பு மறைந்திருந்தாலும், கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும். எக்ஸ்றே எடுத்துத் துண்டு எங்கே, எத்தனை என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். தசைக்குள் இறுகிப் போன துண்டு என்றால் பல நேரம் எடுக்கலாம் என்பார்கள். ஏலாது என்றால் சீ.ரீ. ஸ்கான் இருக்கிறது. அந்த முடிவு கதிரியக்க வைத்திய நிபுணருடையது. எங்கள் கடமை மறைக்காமல் சொல்வது.

எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் எக்ஸ்றே தேவையில்லை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் வழக்கமாக ஆளைப் படுக்கவைத்துத்தான் எடுக்கிறார்கள். படுத்தால் சறுக்கல் தன் இடத்துக்குத் திரும்பிவிடலாம். யாழ்ப்பாணம்வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் ஆடி, முறை வரக் காத்திருந்து எடுக்கும் ஸ்கானிலும், நின்று எடுக்கும் சாதாரண எக்ஸ்றே காட்டுகிற ஒன்று தெரியாமல் போகலாம். இரண்டும் இரண்டு கேள்விக்கான பதில்.

எப்போது எடுக்கக் கூடாது

இவ்வளவும் சொன்னதால் நாரி பிடித்த எல்லாரும் நாளைக்கே எக்ஸ்றேக்கு ஓடவேண்டும் என்று அர்த்தமில்லை. உலகத்தில் 2020 இல் 61 கோடி 90 இலட்சம் பேருக்கு நாரி நோ இருந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் படம் தேவையில்லை. உரப்பை தூக்கிப் பிடித்துக்கொண்ட நாரி, ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை என்றால், சில கிழமையில் தானாகவே ஆறும். ஆறு கிழமைக்குள் படம் எடுப்பதால் நன்மை இல்லை என்பதே பல நாட்டு வழிகாட்டிகளின் முடிவு.

நாரிப் படத்தின் ஒரு தொகுதி ஏறத்தாழ 1.5 மில்லிசீவேட்டு கதிரை உடம்புக்குத் தருகிறது. உலகச் சராசரியில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஒருவருக்கு வருசத்தில் கிடைப்பது சுமார் 2.4. ஆகவே இது அரை வருசத்துக்குச் சற்று மேலான இயற்கைக் கதிர். பயப்படவேண்டிய அளவில்லை, வீணாக்கவேண்டிய அளவுமில்லை. பழைய படத்தைக் கொண்டுபோகாமல் போய் ஒவ்வொரு இடத்திலும் புதிதாக எடுப்பதை நிறுத்துவோம். பிள்ளை தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அறைக்குள் போகமுன் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவரை, மோட்டர்சைக்கிளில் அடிபட்டவரைக் குனியவைத்துப் படம் எடுக்கவே கூடாது. முறிவு இருந்தால் குனிவதே நரம்பை அறுத்துவிடக் கூடும். அவரைப் பலகையில் அசையாமல் கிடத்திக் கொண்டுபோக வேண்டும். மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை அமைப்பில், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்களைக் காணலாம். அந்த வடம் ஒருமுறை அறுந்தால் எந்தப் படமும் எந்தச் சத்திரசிகிச்சையும் அதைத் திருப்பித் தராது.

நாள் பார்க்காமல் ஓடவேண்டிய அறிகுறிகளும் இருக்கின்றன. சலம் கட்டிக்கொள்ளுதல் அல்லது கட்டுப்பாடில்லாமல் போதல், ஆசனப் பகுதி முழுக்க விறைத்துப்போதல், கால் நாளுக்கு நாள் பலம் இழத்தல், காய்ச்சலோடு நாரி நோ, காரணமில்லாமல் மெலிதல், முன்பு புற்றுநோயோ சயரோகமோ வந்திருத்தல். இவற்றில் ஒன்று இருந்தால் எண்ணெய் பூசிப் பார்ப்போம், முறிவு வைத்தியரிடம் ஒரு தடவை பிடிப்பிப்போம் என்று நாளைக் கடத்தவேண்டாம்.

படத்துக்குப் பிறகு

சறுக்கல் என்று கேட்டவுடன் "ஆணி அடிக்கச் சொல்லுவினமோ?" என்றுதான் அம்மா கேட்டா. எலும்பை எலும்போடு திருகாணி போட்டுப் பொருத்தும் சத்திரசிகிச்சையைத்தான் சொன்னா. மருத்துவர் இப்போது தேவையில்லை என்றார். காலில் பலம் இருக்கிறது, சலம் ஒழுங்காகப் போகிறது, சறுக்கல் முதலாம் படிக்குள் இருக்கிறது. நான் பிறகு தேடி வாசித்ததில், தேய்வால் வந்த சறுக்கலில் நரம்புக்கு இடம் விட்டுக்கொடுக்கும் சத்திரசிகிச்சையோடு ஆணியும் சேர்ப்பதால் மேலதிக நன்மை பெரிதாக இல்லை என்று 2016 இல் சுவீடனிலும், 267 பேரை வைத்து 2021 இல் நோர்வேயிலும் ஆய்வுகள் வந்திருப்பதைக் கண்டேன். ஆணி தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படத்தில் ஒரு சறுக்கலைக் கண்டதால் மட்டும் எவரும் ஆணிக்குப் போகவேண்டியதில்லை.

பஞ்சாபி 1992 இல் எழுதிய ஒரு விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. முள்ளந்தண்டை நிலையாக வைத்திருப்பது மூன்று சேர்ந்து என்கிறார். ஒன்று எலும்பும் நாரும். இரண்டு தசை. மூன்று, அந்தத் தசையை எப்போது இறுக்குவது என்று சொல்லும் நரம்பு. முதலாவது தளர்ந்துவிட்டால் மற்ற இரண்டையும் பழக்கி எடுக்கலாம். பிசியோதெரபி என்பது அதுதான்.

என் மாணவி அம்மாவுக்குக் கற்பித்தவை பார்வைக்கு மிகச் சின்ன வேலைகள். படுத்தபடி அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்துப் பிடித்தல். நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டுதல். பாரம் தூக்கமுன் வயிற்றை இறுக்கிவிட்டுத் தூக்குதல். சைக்கிள் ஓடுதல். முதல் மாதம் அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "குளிசை தராமல் கைகாலை ஆட்டச் சொல்லுறாள்" என்று அப்பாவிடம் முறைப்பட்டா. நான் பின்னேரம் பாடசாலையால் வந்து பக்கத்தில் பாயைப் போட்டு நானும் செய்தேன். மூன்றாம் மாதம் அவவே என்னைக் கூப்பிட்டா.

எங்களுக்கு வாய்த்தது எல்லாருக்கும் வாய்க்க வேண்டும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளுக்குக் காலையில் பஸ் பிடித்து வந்து, வரிசையில் நின்று, நாரியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கும் அம்மாக்கள் வாய் திறந்து தங்கள் நோவின் கதையைச் சொல்வது குறைவு. "நாரி நோகுது" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். மருத்துவருக்கோ அன்றைக்கு நூறு பேர். ஆகவே கூடப் போகிற பிள்ளைகள் சொல்லுங்கள். படுத்தால் நோகுதா, நின்றால் நோகுதா என்று சொல்லுங்கள். எவ்வளவு தூரம் நடந்ததும் கால் இழுக்கிறது, என்ன செய்தால் விடுகிறது என்று சொல்லுங்கள். நிமிரும்போது பாதியில் தரிப்பதைச் சொல்லுங்கள். பீஸ் இருந்தால் சொல்லுங்கள், ஆனால் கதை முழுவதையும் பீஸோடு முடித்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு, படம் எடுக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தால், பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "நிண்டு எடுக்கிறதோ டொக்டர், படுத்து எடுக்கிறதோ?" இந்தக் கேள்விக்குச் செலவில்லை.

2024 பொங்கலுக்கு அம்மா வற்றாப்பளைக்கு நடந்து போனா. மூன்று இடத்தில் குந்தியிருந்து, சைக்கிளை நான் உருட்ட, அம்மாளாச்சியின் வாசல்வரை போனா. நோ போய்விடவில்லை. மழைக்காலத்தில் இப்போதும் உளைகிறது. கச்சான் பிடுங்கச் சின்ன முக்காலி ஒன்றை அப்பா அடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் இருந்துதான் பிடுங்குகிறா.

எழும்பும்போது ஒரு கை இன்னும் முழங்காலுக்குத்தான் போகிறது. ஆனால் பாதி வழியில் அந்தத் தரிப்பு இல்லை. ஒரே மூச்சில் நிமிர்கிறா. படங்களை உறையில் போட்டுக் காணி உறுதிக்குக் கீழே வைத்துவிட்டேன். பின்னேரங்களில் தோட்டத்தில் நின்று, அம்மா நிமிர்வதைப் பார்க்கிறேன்.